ரிச்சர்ட் ஹென்றி பெடோம்

கர்னல் ரிச்சர்ட் ஹென்றி பெடோம் (மே 11, 1830 – பெப்ரவரி 23, 1911) பிரித்தானியப் படை அதிகாரியும் தாவரவியலாளரும் ஊர்வனவியலாளரும் ஆவார். சென்னை மாகாண வனத்துறையின் தலைமை வனக் காப்பாளராக 1860 முதல் 1882 வரை பணியாற்றினார். தென்னிந்தியாவின் காட்டு மரங்கள், பன்னங்கள், பாம்புகள், தவளைகள், நிலத்து நத்தைகள் ஆகியவற்றைப் பற்றி இவர் எழுதிய நூல்களும் கட்டுரைகளும் இன்றும் ஆய்வாளர்களால் பயன்படுத்தப்படுகின்றன. தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் ஒரே காலணி ஆர்க்கிட் இனமான பாபியோபெடிலம் டுரூரியை என்னும் செடியை அறிவியல் உலகுக்கு முதலில் விவரித்துப் பெயரிட்டவரும் இவரே.

பிறப்பும் இளமையும்

பெடோம் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் உள்ள கிளாப்பம் காமன் என்னும் இடத்தில் பிறந்தார். தந்தை வழக்கறிஞர். பெடோம் சார்ட்டர்ஹவுஸ் பள்ளியில் கல்வி பயின்றார். தந்தையின் வழியில் சட்டத்துறைக்குச் செல்லுமாறு பயிற்றுவிக்கப்பட்டபோதிலும், அத்தொழிலில் நாட்டம் கொள்ளாது 1848ஆம் ஆண்டு தமது 18ஆம் அகவையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் சேர்ந்து இந்தியாவுக்கு வந்தார். 42ஆவது சென்னைச் சுதேசக் காலாட்படையில் பணியமர்த்தப்பட்ட இவர், அப்படைப்பிரிவில் தளவாட அதிகாரியாகவும் மொழிபெயர்ப்பாளராகவும் கடமையாற்றினார். செடிகொடிகள், உயிரினங்கள் மீது இவருக்கு இருந்த ஈடுபாடு மேலதிகாரிகளின் கவனத்தை ஈர்த்தது.

வனத்துறைப் பணி

சென்னை மாகாணத்தில் வனத்துறை 1856ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. சென்னையில் பிறந்த இசுக்கொட்லாந்து மருத்துவரும் தாவரவியலாளருமான ஹியூ கிளெக்ஹார்ன் அதன் முதல் வனக் காப்பாளர் ஆவார். அதே ஆண்டில்தான் இராயபுரத்திலிருந்து வாலாசா சாலை வரை தென்னிந்தியாவின் முதல் தொடருந்துப் பாதை திறக்கப்பட்டது. தண்டவாளக் கட்டைகளுக்கும் நீராவி இயந்திரங்களுக்கான விறகுக்கும் பெருமளவு மரம் தேவைப்பட்டது. கப்பல் கட்டுவதற்குத் தேக்கு முன்பே வெட்டப்பட்டு வந்தது. மலைச்சரிவுகளில் காப்பித் தோட்டங்கள் பரவத் தொடங்கியிருந்தன. இத்தகைய சூழலில் கிளெக்ஹார்ன் 1857ஆம் ஆண்டு பெடோமைத் தமது உதவியாளர்களுள் ஒருவராகத் தெரிவு செய்தார்.

1860இல் கிளெக்ஹார்னிடமிருந்து பொறுப்பை ஏற்ற பெடோம், அதன்பின் 22 ஆண்டுகள் அப்பதவியில் நீடித்தார். ஆனைமலை, பழனிமலை, நீலகிரி, சிறுமலை, வயநாடு, திருநெல்வேலி மலைகள், கிழக்குத் தொடர்ச்சி மலையின் செய்ப்பூர்ப் பகுதி எனப் பல மலைத்தொடர்களில் இவர் சுற்றினார். காட்டின் மர வளத்தைக் கணிப்பது, வெட்டுதலை ஒழுங்குபடுத்துவது, நாற்றுத் தோட்டங்கள் அமைப்பது ஆகியன இவரது அலுவல்களாக இருந்தன. ஒவ்வொரு பயணத்திலும் செடிகளை உலர்த்தித் தாள்களில் பதித்தும் விலங்குகளைச் சாராயத்தில் இட்டும் சேகரித்தார்.

அக்கால வனத்துறையின் பணி இருமுகம் கொண்டது. காடுகள் அழியாமல் காப்பதும், அரசுக்கும் தொடருந்து நிறுவனங்களுக்கும் மரம் வழங்குவதும் ஒரே அலுவலகத்தின் கடமைகளாக இருந்தன. குமரி எனப்பட்ட மலைவாழ் மக்களின் இடம்மாறும் வேளாண்மையைக் கட்டுப்படுத்துவதும் அத்துறையின் கொள்கையாக இருந்தது. இதனால் காட்டை நம்பி வாழ்ந்த மக்களின் வழக்கமான உரிமைகள் சுருங்கின. பெடோமின் பணிக்காலம் முடிவுற்ற 1882ஆம் ஆண்டிலேயே, டீட்ரிச் பிராண்டிசு என்னும் செருமானிய வனவியலாளரின் பங்களிப்புடன் உருவான சென்னை வனச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. காடுகளின் மீது அரசின் கட்டுப்பாட்டை இச்சட்டம் உறுதிப்படுத்தியது.

தாவரவியல் பணிகள்

பெடோமின் முதல் பெரிய நூல்கள் 1863ஆம் ஆண்டு வெளிவந்தன. ஒன்று சென்னை மாகாணத்து மரங்களைப் பற்றியது. மற்றொன்று தென்னிந்தியப் பன்னங்களைப் பற்றியது. பூவாத் தாவரங்களான பன்னங்களை அடையாளம் காண்பது கடினம் என்பதால், ஒவ்வோர் இனத்துக்கும் முழுப்பக்கப் படம் வரைந்து வெளியிடும் முறையை இவர் கைக்கொண்டார். பின்னர் இம்முயற்சியைப் பிரித்தானிய இந்தியா முழுமைக்கும் விரிவாக்கினார்.

1869 முதல் 1873 வரை பகுதி பகுதியாக வெளிவந்த தென்னிந்தியக் காட்டு மரங்கள் பற்றிய புளோரா சில்வாட்டிக்கா இவரது தலைசிறந்த படைப்பாகக் கருதப்படுகிறது. இதில் 330 படப்பக்கங்கள் உள்ளன. மரத்தின் கிளை, பூ, காய், விதை ஆகியவற்றின் படங்களோடு அதன் மரக்கட்டையின் தன்மை, பயன், வளரிடம் ஆகியவையும் இந்நூலில் கூறப்பட்டுள்ளன. எனவே இது தாவரவியலாளருக்கு மட்டுமன்றி வனத்துறை அலுவலருக்கும் கைநூலாக அமைந்தது. முன்னர் ராபர்ட் வைட் என்னும் தாவரவியலாளருக்குப் படங்கள் வரைந்த கோவிந்து என்ற இந்திய ஓவியரே இந்நூலின் படங்கள் பலவற்றையும் வரைந்தார். அவரது வாழ்வு பற்றிக் கிடைக்கும் செய்திகள் மிகச் சில. எனினும் படங்களின் ஓரத்தில் அவரது பெயர் பொறிக்கப்பட்டுள்ளது.

கோபியா பார்விபுளோரா, குளூட்டா திருவாங்கோரிக்கா, பொய்சிலோநியூரோன் இண்டிக்கம் முதலிய மேற்குத் தொடர்ச்சி மலை மரங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டியவர் பெடோமே ஆவார். தாவரப் பெயர்களில் இவரைக் குறிக்க பெட். என்னும் சுருக்கம் பயன்படுகிறது.

காலணி ஆர்க்கிட்

பின்னணி

ஆர்க்கிட் குடும்பத்தில் ஒரு பிரிவின் பூக்களில் கீழ் இதழ் ஒரு சிறு பை போல அல்லது முன்பகுதி மூடிய செருப்பைப் போலக் குழிந்திருக்கும். ஆகவே இவை காலணி ஆர்க்கிட்டுகள் எனப்படுகின்றன. வெப்பமண்டல ஆசியாவில் வளரும் காலணி ஆர்க்கிட்டுகளின் பேரினம் பாபியோபெடிலம் ஆகும். கிரேக்கப் பெண் தெய்வமான அப்ரோடைட்டின் வழிபாட்டிடமான பாபோசு என்னும் ஊரின் பெயரையும், செருப்பு எனப் பொருள்படும் சொல்லையும் இணைத்து இப்பெயர் உருவாக்கப்பட்டது. இப்பேரினத்தில் 80க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. இந்தியாவில் இவை பெரும்பாலும் வடகிழக்கு மாநிலங்களிலும் இமயமலை அடிவாரத்திலும் காணப்படுகின்றன. அங்கிருந்து வெகு தொலைவில், தீபகற்பத்தின் தென்முனையில் தனித்து வளரும் ஒரே இனம் டுரூரி காலணி ஆர்க்கிட் ஆகும்.

கண்டுபிடிப்பும் பெயரிடலும்

1865ஆம் ஆண்டு கர்னல் ஹீபர் டுரூரி என்பவர் திருவிதாங்கூர் மலைப்பகுதியில் இச்செடியைக் கண்டார். டுரூரியும் சென்னைப் படையைச் சேர்ந்தவர். இந்தியாவின் பயன்தரு தாவரங்கள் பற்றி 1858இல் நூல் எழுதியவர். பெடோம் இச்செடியை ஆராய்ந்து, கீழை இந்தியத் தாவரங்களின் படங்களைக் கொண்ட தமது 300 படப்பக்க நூலில் 1874ஆம் ஆண்டு விவரித்தார். கண்டவரின் நினைவாகச் சிப்ரிபீடியம் டுரூரியை எனப் பெயரிட்டார். அக்காலத்தில் காலணி ஆர்க்கிட்டுகள் அனைத்தும் சிப்ரிபீடியம் என்ற ஒரே பேரினத்தில் அடக்கப்பட்டிருந்தன. வெப்பமண்டல ஆசிய இனங்கள் பின்னர் தனிப் பேரினமாகப் பிரிக்கப்பட்டபோது, 1892இல் இச்செடி பாபியோபெடிலம் டுரூரியை எனப் பெயர் மாற்றம் பெற்றது. இப்பெயரே இன்று வழக்கில் உள்ளது.

செடியின் இயல்பு

டுரூரி காலணி ஆர்க்கிட் அகத்தியமலைத் தொடரில் ஏறத்தாழ 1,400 முதல் 1,600 மீட்டர் உயரத்தில், பாறைகளுக்கிடையிலும் புல்வெளி ஓரங்களிலும் வளர்கிறது. இது மண்ணில் வளரும் ஆர்க்கிட் ஆகும். இலைகள் வார் போன்று நீண்டு, புள்ளிகளின்றிப் பச்சை நிறமாக இருக்கும். தண்டின் நுனியில் பெரும்பாலும் ஒரு பூவே தோன்றும். பூ மஞ்சள் நிறமுடையது. மேல் புல்லிவட்ட இதழின் நடுவிலும் இரு பக்க இதழ்களின் நடுவிலும் அகன்ற கருஞ்செம்பழுப்புக் கோடு ஓடுவது இதன் சிறப்பு அடையாளம். பை போன்ற உதடு தேன் நிறத்தில் இருக்கும். கிழங்குத்தண்டு மண்ணுக்குள் நீண்டு படர்ந்து, சற்றுத் தள்ளிப் புதிய தளிரை வெளிவிடும்.

பூவின் பை பூச்சிகளுக்கு ஒரு பொறியாகும். உள்ளே விழும் பூச்சி வந்த வழியே வெளியேற இயலாது. பின்புறம் உள்ள குறுகிய வழியாகவே அது ஏறிச் செல்ல வேண்டும். அவ்வாறு செல்லும்போது முதலில் சூல்முடியையும் பின்னர் மகரந்தத் திரளையும் உரசிச் செல்கிறது. இவ்வாறு ஒரு பூவின் மகரந்தம் மற்றொரு பூவைச் சென்றடைகிறது. காலணி ஆர்க்கிட்டுகளின் பூக்களில் பொதுவாகத் தேன் இல்லை. எனவே பூச்சிக்கு இதனால் பயன் ஏதும் இல்லை.

சேகரிப்பும் அழிவும்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவில் ஆர்க்கிட் மோகம் உச்சத்தில் இருந்தது. செல்வர்கள் கண்ணாடி வீடுகளில் அரிய ஆர்க்கிட்டுகளை வளர்த்தனர். 1869ஆம் ஆண்டு இங்கிலாந்தின் வீச் நாற்றுப்பண்ணையில் முதல் காலணி ஆர்க்கிட் கலப்பினம் பூத்தது. அதன்பின் கலப்பினம் உருவாக்குவதற்காகப் புதிய இனங்களுக்குத் தேவை பெருகியது. ஒரு செடி நூலில் வெளியிடப்பட்டவுடன் அதன் வளரிடமும் சேகரிப்பாளருக்குத் தெரிந்துவிடும் நிலை இருந்தது. டுரூரி காலணி ஆர்க்கிட்டும் இதற்கு விலக்கன்று. மலையிலிருந்து பறிக்கப்பட்ட செடிகள் ஐரோப்பியக் கண்ணாடி வீடுகளைச் சென்றடைந்தன.

காலணி ஆர்க்கிட்டுகள் பிற ஆர்க்கிட்டுகளைவிட எளிதில் அழிவுக்குள்ளாவதற்கு மூன்று காரணங்கள் உண்டு. ஒன்று, இவற்றுள் பல இனங்கள் மிகச் சிறிய நிலப்பரப்பில் மட்டுமே வளர்கின்றன. இரண்டு, இவற்றின் தூசி போன்ற நுண்விதைகளில் உணவுச் சேமிப்பு இல்லை. மண்ணில் உள்ள குறிப்பிட்ட பூஞ்சைகளின் துணையின்றி அவை முளைப்பதில்லை. முளைத்த செடி பூப்பதற்குப் பல ஆண்டுகள் ஆகும். மூன்று, பலேனோப்சிசு போன்ற ஆர்க்கிட்டுகளைத் திசு வளர்ப்பு முறையில் ஆயிரக்கணக்கில் படியெடுக்க முடிகிறது. காலணி ஆர்க்கிட்டுகள் அம்முறைக்கு எளிதில் இணங்குவதில்லை. ஆகவே காட்டிலிருந்து பறிப்பதே நீண்ட காலம் எளிய வழியாக இருந்தது. 1922ஆம் ஆண்டு அமெரிக்க அறிவியலாளர் லூயிசு நட்சன், பூஞ்சையின்றிச் சர்க்கரை கலந்த ஊட்டக் கூழில் ஆர்க்கிட் விதைகளை முளைக்கச் செய்யும் முறையைக் கண்டறிந்தார். அதன் பிறகே விதையிலிருந்து பெருமளவில் ஆர்க்கிட் வளர்ப்பது இயன்றது.

டுரூரி காலணி ஆர்க்கிட் பல்லாண்டுகள் காட்டில் காணப்படாமல் போனதால் அது அற்றுப்போய்விட்டது எனக் கருதப்பட்டது. 1972ஆம் ஆண்டு அகத்தியமலைப் பகுதியில் இது மீண்டும் கண்டறியப்பட்டது. ஆனால் அச்செய்தி பரவியதும் சேகரிப்பு மீண்டும் தொடங்கியது. காட்டுத்தீயும் எஞ்சிய செடிகளைப் பாதித்தது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியலில் இது மிக அருகிய இனமாகச் சேர்க்கப்பட்டுள்ளது.

சட்டப் பாதுகாப்பு

அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகம் குறித்த உடன்படிக்கையின் முதலாம் இணைப்பில் 1990 முதல் பாபியோபெடிலம் பேரினம் முழுவதும் இடம்பெற்றுள்ளது. இதன்படி காட்டிலிருந்து எடுத்த செடிகளை நாடுவிட்டு நாடு விற்பது தடை செய்யப்பட்டுள்ளது. இந்தியாவின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் ஆறு வகைத் தாவரங்கள் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டன. அவற்றுள் காலணி ஆர்க்கிட்டுகள் ஒன்று. பெடோமின் பெயர் தாங்கிய சைக்கசு பெடோமி மற்றொன்று. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அட்டவணைகள் மாற்றியமைக்கப்பட்டு, பாதுகாக்கப்பட்ட தாவரங்கள் மூன்றாம் அட்டவணையில் வைக்கப்பட்டுள்ளன.

கேரளத்தின் பாலோடு என்னும் ஊரில் உள்ள சவகர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா மற்றும் ஆய்வு நிறுவனத்தில் டுரூரி காலணி ஆர்க்கிட்டின் விதைகளை ஆய்வகத்தில் முளைக்கச் செய்து, நாற்றுகளை மீண்டும் மலையில் நடும் முயற்சி மேற்கொள்ளப்பட்டது. தமிழ்நாட்டில் சேர்வராயன் மலையின் ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தேசிய ஆர்க்கிட் பூங்கா அமைந்துள்ளது. தென்னிந்திய ஆர்க்கிட் இனங்கள் பல அங்கு வளர்த்துக் காக்கப்படுகின்றன.

வளர்ப்பு முறை

காலணி ஆர்க்கிட்டுகளுக்கு நீரைச் சேமிக்கும் பொய்க்குமிழ்த் தண்டுகள் இல்லை. எனவே வேர்ப்பகுதி முற்றிலும் உலர்ந்துவிடக் கூடாது. அதேவேளை நீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். மரப்பட்டைத் துண்டுகள், கரித்துண்டுகள், சிறு கற்கள் ஆகியவை கலந்த, நீர் எளிதில் வடியும் கலவையே ஏற்றது. இலைகளின் நடுக்குருத்தில் நீர் தங்கவிடாமல் காலையில் நீர் ஊற்ற வேண்டும். உப்பு மிகுந்த நிலத்தடி நீரைவிட மழைநீர் சிறந்தது. உரத்தை மிக நீர்த்த நிலையில் இட வேண்டும். கலவை மக்கிப் புளிப்பதற்கு முன்பாக, ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை தொட்டியை மாற்ற வேண்டும்.

நேரடி வெயிலைத் தவிர்த்து நிழல்வலையின் கீழ் வளர்ப்பது பொதுவான வழக்கம். டுரூரி காலணி ஆர்க்கிட் திறந்த சரிவுகளில் வளர்வதால், பிற இனங்களைவிடக் கூடுதல் வெளிச்சத்தைத் தாங்கும். குளிர்ந்த இரவுகளும் காற்றோட்டமும் இதற்குத் தேவை. கிழங்குத்தண்டு படர்வதால் அகன்ற, ஆழமற்ற தொட்டி பொருத்தமானது. காஞ்சிபுரம் மாவட்டத்து வல்லக்கோட்டை, ஒரகடம் போன்ற சமவெளி ஊர்களின் கோடை வெப்பத்தில் இம்மலைச்செடி தழைப்பது அரிது. அத்தகைய இடங்களில் புள்ளியிட்ட இலைகளைக் கொண்ட, வெப்பத்தைத் தாங்கும் இனங்களும் அவற்றின் கலப்பினங்களுமே பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகின்றன. வாங்கும் செடி நாற்றுப்பண்ணையில் வளர்ந்ததா என்பதை உறுதி செய்துகொள்வது, காட்டுச் செடிகளின் திருட்டைத் தடுக்க உதவும்.

விலங்கியல் பணிகள்

பெடோம் ஏறத்தாழ 40 ஊர்வன, நீர்நிலவாழ்வன இனங்களை விவரித்தார். மண்ணுக்குள் வாழும் கேடயவால் பாம்புகள் பற்றிய இவரது ஆய்வு சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் மட்டுமே உரிய இக்குடும்பத்தில் பல இனங்களுக்கு இவரே பெயரிட்டார். பழனிமலை, சிறுமலை, மதுரைப் பகுதி மலைகள் ஆகியவற்றிலிருந்து இவர் விவரித்த பாம்புகளுள் சில இன்றும் இடப்பெயர்களைத் தாங்கியுள்ளன. மேற்குத் தொடர்ச்சி மலையின் பெரிய செதில் குழிவிரியனை 1862இல் விவரித்தவரும் இவரே.

பெடோம் தரும் இடக்குறிப்புகள் சில வேளைகளில் ஒரு மலைத்தொடரின் பெயருடன் நின்றுவிடுகின்றன. இதனால் பிற்கால ஆய்வாளர்கள் சில இனங்களை மீண்டும் தேடிக் கண்டறிய நெடுங்காலம் ஆயிற்று. எடுத்துக்காட்டாக, ஒடிசாவின் செய்ப்பூர் மலைகளிலிருந்து 1877இல் இவர் விவரித்த ஒரு பல்லி இனம், 130 ஆண்டுகளுக்கு மேலாக எவராலும் காணப்படாதிருந்து அண்மைக் காலத்தில்தான் மீண்டும் கண்டறியப்பட்டது. இவர் சேகரித்த மாதிரிகள் பல இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன. தென்னிந்தியப் பாம்பு அல்லது தவளை இனங்களை ஒப்பிட்டு ஆராய விரும்புவோர் அம்மாதிரிகளை நாட வேண்டியுள்ளது.

பிற்கால வாழ்வு

1880இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உறுப்பினராகப் பெடோம் நியமிக்கப்பட்டார். 1882இல் பதவியிலிருந்து விலகி இங்கிலாந்து திரும்பினார். 1883ஆம் ஆண்டு பிரித்தானிய இந்தியா, இலங்கை, மலாய்த் தீபகற்பம் ஆகியவற்றின் பன்னங்கள் பற்றிய கையேட்டை வெளியிட்டார். அதற்கு 1892இல் பிற்சேர்க்கை எழுதினார். இலண்டனின் வாண்ட்சுவர்த் பகுதியில் வாழ்ந்த இவர், தமது இல்லத்துக்குச் சிசுபாரா எனப் பெயர் வைத்தார். அது நீலகிரியின் தென்மேற்கு விளிம்பில் உள்ள ஒரு மலைக்கணவாயின் பெயராகும். அவ்வில்லத்திலேயே 1911ஆம் ஆண்டு பெப்ரவரி 23ஆம் நாள் தமது 80ஆம் அகவையில் காலமானார்.

மதிப்பீடு

பெடோமின் நூல்கள் வெளிவந்த பின்பே தென்னிந்தியக் காடுகளில் உள்ளவை எவை என்பதை முறையாக அறிய முடிந்தது. ஓர் இனத்துக்குப் பெயரும் விவரமும் இருந்தால்தான் அதன் எண்ணிக்கை குறைவதை அறியவோ, சட்டத்தில் சேர்க்கவோ இயலும். அதே அறிவு, சேகரிப்பாளருக்கும் வணிகருக்கும் வழிகாட்டியதைக் காலணி ஆர்க்கிட்டின் வரலாறு காட்டுகிறது. இக்காரணத்தால், இன்றைய தாவரவியலாளர்கள் புதிய காலணி ஆர்க்கிட் இனங்களை வெளியிடும்போது அவற்றின் துல்லியமான வளரிடத்தைக் குறிப்பிடாமல் விடுவது வழக்கமாகியுள்ளது.

பெடோமின் பெயர் தாங்கிய உயிரினங்கள்

சைக்கசு பெடோமி – திருமலைப் பகுதியின் மலைகளுக்கே உரிய ஈந்து போன்ற தாவரம்
பாகினியா பெடோமி – மந்தாரை இனக் கொடி
துட்டாபிரைனசு பெடோமி – மேற்குத் தொடர்ச்சி மலைத் தேரை
நிக்டிபத்ராக்கசு பெடோமி – சிறு தவளை
கீபியசு பெடோமி – நஞ்சற்ற பாம்பு
கல்லியோபிசு பெடோமி – நஞ்சுள்ள பவளப்பாம்பு

முதன்மை நூல்கள்

சென்னை மாகாணத்து மரங்கள் (1863)
தென்னிந்தியப் பன்னங்கள் (1863, இரண்டாம் பதிப்பு 1873)
பிரித்தானிய இந்தியாவின் பன்னங்கள் (1865–1870)
கீழை இந்தியத் தாவரங்களின் படங்கள் (1868–1874)
தென்னிந்தியக் காட்டு மரங்கள் (1869–1873)
பிரித்தானிய இந்தியா, இலங்கை, மலாய்த் தீபகற்பப் பன்னங்களின் கையேடு (1883, பிற்சேர்க்கை 1892)

இவற்றையும் பார்க்க

அகத்தியமலை
ஹியூ கிளெக்ஹார்ன்
கேடயவால் பாம்புகள்
ஆர்க்கிட் குடும்பம்